வாளுக்குப் பெயர் தந்த பொறியாளர்

கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி, 1859ஆம் ஆண்டில் 'தமிழ் புளூட்டார்க்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். சான்றோர் சரிதத்தை எழுதி வைக்கும் நன்முயற்சியில் எங்கள் புத்தளக் கரை அன்றே முன்னின்றது. அவர் தொகுத்தது சொல்லை ஆண்டவர்களின் வரலாறு. கருவியை ஆக்கியவர்களின் வரலாறோ நம்மவராற் பெரிதும் எழுதப்படவில்லை. ஏரும் உளியும் வாளும் இன்றி ஊரும் இல்லை, வீடும் இல்லை. எனினும் அவற்றைச் செய்தார் யாவர் என்று நாம் கேட்பது அரிது. நம் கரையோரத்து மரத்தொழிலாளர் நன்கு அறிந்த ஒரு பெயருக்கு உரியவரின் வாழ்க்கையை இங்கே சுருக்கிக் கூறுவோம்.

மாரவில, மாதம்பை, சிலாபம், முந்தல் எனத் தெற்கிலிருந்து வடக்கே நீளும் கரை தென்னையின் நாடு. லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் அதனாலேயாம். ஏறத்தாழ அறுபது ஆண்டு காய்த்து ஓய்ந்த தென்னைகளை வீழ்த்திப் புதுக்கன்று நடுவது தோட்டத்தின் நியதி. வீழ்ந்த மரம் வீணாவதில்லை. கைமரமும் சலாகையும் ஆகி வீடுகளின் முகட்டைத் தாங்குகிறது. முன்னாளிற் கோடரியும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நெடுவாளும் செய்த இவ்வேலையை இன்று செயின் வாள் என்று வழங்கும் சங்கிலிவாள் செய்கிறது. அவ்வாளை ஏந்துவோரிடையே ஓர் அழுத்தமான பற்று உண்டு. ஒருவர் ஜேர்மனிய வாளையன்றி வேறொன்றைத் தொடார். மற்றொருவர் சுவீடன் வாளே வாள் என்பார். உலகெங்கும் மரம் வெட்டுவோர் இவ்வாறே இரு கட்சியாய் நிற்கின்றனர். ஜேர்மனிய வாளின் பெயர் ஸ்டீல். எஃகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லென்று அதனைப் பலர் கருதுவர். அஃது அன்று, அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

இளமையும் தொழிலும்

அந்திரேயாஸ் ஸ்டீல் 1896ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பிறந்தார். வாலிபப் பருவத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது; அவரும் போருக்குச் சென்றார். இயந்திரப் பொறியியல் கற்றுத் தேர்ந்தபின் தென் ஜேர்மனியின் ஸ்டட்கார்ட் நகரைத் தம் தொழிலுக்கு இடமாகக் கொண்டார். 1926ஆம் ஆண்டில், முப்பதாவது வயதை எட்டும் வேளையில், அங்கே தம் பெயரால் ஒரு சிறு பொறியியல் நிலையத்தை நிறுவினார். நீராவிக் கொதிகலன்களுக்கு வேண்டிய எரியடுப்பு அமைப்புகளே அந்நிலையத்தின் தொடக்க காலச் சரக்கு.

மரத்தொழிலோடு அவருக்கு நேர்ந்த பழக்கம் வேறொரு சிந்தனையைத் தூண்டிற்று. ஆலைக்கு வந்த மரத்தை அரிப்பதற்குப் பொறிகள் இருந்தன. ஆனால் காட்டில் நின்ற மரம் மனிதனின் தோள்வலியாலேயே வீழ்த்தப்பட்டது. வீழ்ந்த பெருமரத்தைத் துண்டிக்காமல் இழுப்பதும் அரிது. துண்டிப்பதோ நாள் முழுவதும் வியர்வை சிந்தும் வேலை. மரத்தை வாளிடம் கொண்டு வருவதற்கு மாறாக, வாளை மரத்திடம் கொண்டு செல்ல முடியாதா என்பதே அவர் எழுப்பிய வினா. எளிய வினாவே; ஆனால் அவருடைய வாழ்நாள் முழுவதையும் அது விழுங்கிற்று.

இருவர் சுமந்த வாள்

சங்கிலியிற் பற்களை அமைத்து அறுக்கும் எண்ணத்தை அவர் முதன்முதலிற் கண்டவரல்லர். 1830ஆம் ஆண்டளவிலேயே பேர்ண்ஹார்ட் ஹைனே என்னும் ஜேர்மனியர் எலும்பை அறுக்கும் சத்திர சிகிச்சைக் கருவியொன்றைப் பற்சங்கிலி கொண்டு செய்திருந்தார். 1905ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் என்பவர், கலிபோர்னியாவின் செம்மரப் பூதங்களை வீழ்த்துதற்கென ஒரு சங்கிலிவாளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவை காட்டுத் தொழிலாளியின் கைக்கு வந்து சேரவில்லை. எண்ணம் ஒன்று, அவ்வெண்ணத்தைத் தொழிலாக்குவது வேறொன்று.

1926ஆம் ஆண்டில் ஸ்டீல் செய்த முதல் வாள் மின்சாரத்தால் இயங்கியது. இருவர் சேர்ந்தே அதனைத் தூக்க முடியும். மின்சாரம் எட்டாத காட்டில் அதனாற் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1927இல் எமில் லேர்ப் என்னும் மற்றொரு ஜேர்மனியர் துரிங்கியா நாட்டின் டொல்மார் மலையிற் பெற்றோல் வாளொன்றைப் பரீட்சித்து, அம்மலையின் பெயரையே அதற்கு இட்டார். இரண்டாண்டு கழித்து, 1929இல், ஸ்டீலும் தமது பெற்றோல் வாளை வெளியிட்டார். அதன் வலு 6 குதிரைவலு. எடை 46 கிலோகிராம். இன்றைய சீமெந்து மூடையொன்றின் பாரத்துக்குச் சற்றே குறைவு. அந்தப் பாரத்தைச் சரிவிலும் சேற்றிலும் சுமந்து, நடுங்கும் பொறியை மரத்தோடு அணைத்துப் பிடித்து நின்ற அந்நாளைய தொழிலாளியின் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் வாள் விலைபோயிற்று. 1930களில் சோவியத் நாட்டுக்கும் வட அமெரிக்காவுக்கும் அவருடைய பொறிகள் சென்றன. கோடரி பிடித்த கைகள் பொறியை ஐயத்தோடு ஏற்றன. பழுதுற்ற பொறி காட்டின் நடுவே வெறும் இரும்புக் குவியல் என்பதை அத்தொழிலாளர் அறிவர். ஆகவே பொறியை விற்பதோடு தம் கடமை முடிவதில்லை, அதனைப் பழுது பார்த்துக் கொடுப்பதும் தம் கடமையே என்னும் நெறி அந்நிறுவனத்தில் வேரூன்றிற்று. பிற்காலத்தில் அதற்கு உலகப் புகழ் தேடித்தந்தது இந்நெறியே.

ஆராயாத பற்று

ஒருவரின் சரிதத்தை எழுதுவோர் அவருடைய நிழலையும் எழுதக் கடமைப்பட்டவர். 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஸ்டீல் நாட்சிக் கட்சியில் உறுப்பினரானார். அக்கட்சியின் கரும்படையாகிய எஸ்.எஸ். அமைப்பிலும் சேர்ந்தார். பல இலட்சம் யூதரையும் பிறரையும் கொன்றொழித்த கொடுமைக்கு அவ்வமைப்பு கருவியாய் இருந்ததை உலகம் அறியும். தொழில் நடத்துவோர் பலர் ஆட்சியோடு ஒத்துப் போன காலம் அது என்று சமாதானம் கூறுவாருளர். ஒத்துப் போவது வேறு, உறுப்பினராகி நிற்பது வேறு. மரத்தின் வலிமையையும் எஃகின் தரத்தையும் நுணுகி ஆராய்ந்த அறிவு, தாம் சார்ந்து நின்ற கூட்டத்தின் தரத்தை ஆராயத் தவறியது. அன்றி ஆராய விரும்பவில்லை.

விளைவு கடுமையாக வந்தது. 1944இல் ஸ்டட்கார்ட்டின் கான்ஸ்டட் பகுதியிலிருந்த தொழிற்சாலை குண்டு வீச்சில் அழிந்தது. வேலைத்தலம் வைப்ளிங்கன் நகரை அடுத்த நொய்ஸ்டட் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1945இற் போர் முடிந்தபின் நேச நாட்டினர் ஸ்டீலைப் பிடித்துச் சில காலம் தடுப்புக்காவலில் வைத்தனர். 1940களின் பிற்பகுதியிலே அவர் விடுதலை பெற்றுத் தம் தொழிலுக்கு மீண்டார். சென்ற இடத்திலெல்லாம் வாளை வாங்கியவர்கள் அவர் செய்த பொருளை நோக்கினரேயன்றி, அவர் அணிந்திருந்த சின்னத்தை நோக்கவில்லை. அது சரியோ தவறோ என்னும் கேள்வி இன்றும் அறிஞரிடையே உண்டு. பொருளின் நன்மை அதைச் செய்தவரின் குற்றத்தை அழித்துவிடாது. செய்தவரின் குற்றம் பொருளின் நன்மையைப் பொய்யாக்கவும் மாட்டாது. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே முறையாகும்.

ஒருவர் கையில் அடங்கிய வாள்

போருக்குப் பின்னர் அவருடைய முயற்சி ஒரே இலக்கை நோக்கிச் சென்றது. இருவர் சுமக்கும் வாளை ஒருவர் தூக்கும் வாளாக்குவதே அவ்விலக்கு. 1950இல் ஒருவரே ஏந்தித் தொழில் செய்யத்தக்க பெற்றோல் வாளை அவர் நிறுவனம் வெளியிட்டது. அதன் எடை 16 கிலோகிராம். 1959இல் 'கொன்ட்ரா' என்னும் வாள் வந்தது. பொறிக்கும் சங்கிலிக்கும் இடையே இருந்த பற்சக்கரப் பெட்டியை நீக்கி, பொறியின் சுழற்சியை நேராகச் சங்கிலிக்கே செலுத்தும் அமைப்பு அதன் சிறப்பு. அதன் வலு 6 குதிரைவலு. எடை 12 கிலோகிராம். 1929ஆம் ஆண்டு வாளின் அதே வலு, அதன் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கில் அடங்கிவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பின் பயனை இவ்விரு எண்களைவிடத் தெளிவாகக் கூறுவது எதுவுமில்லை.

இவ்வெற்றி ஒருவருக்கே உரியதன்று. பழைய சங்கிலியின் பற்கள் மரத்தைப் பிறாண்டின, விரைவில் மழுங்கின, அவற்றைத் தீட்டுவதோ பெரும்பாடு. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரத்தொழிலாளியான ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவொன்றைக் கூர்ந்து கவனித்தார். அப்புழுவின் வளைந்த தாடைகள் இரண்டும் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் செல்வதைக் கண்டு, அவ்வடிவிற் பற்களை அமைத்து, அடுத்த ஆண்டே புதுச் சங்கிலியைச் செய்து விற்றார். இன்று உலகில் ஓடும் சங்கிலிகள் யாவும் பெரும்பாலும் அப்புழு கற்றுக்கொடுத்த பாடத்தின் வழியனவே. சுவீடனின் ஹுஸ்க்வர்ணா நிறுவனமும் 1959இற் சங்கிலிவாள் செய்யத் தொடங்கிற்று. 1689ஆம் ஆண்டில் அரசனுக்குத் துப்பாக்கி செய்யும் சாலையாகத் தோன்றிய பழம்பெரும் நிறுவனம் அது. வாளின் நடுக்கம் தொழிலாளியின் விரல்களை வெளிறச் செய்து மரக்கச் செய்யும் நோயைத் தருவது தெரிய வந்தபின், அந்நடுக்கத்தைத் தணிக்கும் பிடிகளை அமைப்பதில் 1960களில் நிறுவனங்கள் போட்டியிட்டன. போட்டியாளர் இருவரும் ஒருவரையொருவர் விரட்டியமையால் நன்மை பெற்றவன் தொழிலாளியே.

1971ஆம் ஆண்டில் ஸ்டீல் வாள் உலகில் மிகுதியாக விற்பனையாகும் சங்கிலிவாள் என்னும் நிலையை அடைந்தது. 1973 ஜனவரி 14ஆந் திகதி, 76ஆம் வயதில், அந்திரேயாஸ் ஸ்டீல் காலமானார். மகன் ஹான்ஸ் பீட்டர் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். மகள் ஏவாவும் உடன் நின்றார். நிறுவனம் இன்றும் அக்குடும்பத்தின் உடைமையாகவே உள்ளது.

வாளின் ஆயுள்

இத்தகைய வாள் எவ்வளவு காலம் உழைக்கும்? ஆண்டுக் கணக்கில் இதற்கு விடை கூறுவது பொருந்தாது. வீட்டுத் தோட்டத்தில் மாதமொரு முறை எடுக்கப்படும் வாள் இருபது ஆண்டு இருக்கலாம். நாள்தோறும் மரம் அரிப்பவர் கையிலோ கணக்கு வேறு. நாளுக்கு நான்கு மணி நேரம் பொறி ஓடுமாயின், ஆண்டுக்கு இருநூற்றைம்பது வேலைநாளில் ஆயிரம் மணி நேரமாகிறது. அத்தகைய உழைப்பில் ஓரிரு ஆண்டிலேயே பிஸ்டனும் சிலிண்டரும் தேய்வது இயல்பு. நல்ல வாளை நன்றாகப் பேணினால் அக்காலத்தைப் பெரிதும் நீட்டலாம். பேணாவிடின் எந்தப் பெயர் பொறித்த வாளும் ஒரு பருவம் தாங்காது.

காரணம் பொறியின் அமைப்பிலேயே உளது. இரண்டடிப் பொறிக்கு எண்ணெய் நிற்கும் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்த எண்ணெயே அதன் உள்ளுறுப்புகளுக்கு உயவு. இக்கால வாள்களுக்கு ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பொது விதி. காசு மிச்சமென்று எண்ணெயைக் குறைத்தாலும், காபரேற்றரைத் தவறாகத் திருகிப் பெற்றோல் குறைவாகச் செல்லவிட்டாலும், நிமிடத்துக்கு 12,000, 13,000 முறை சுழலும் அப்பொறி சில நிமிடங்களிலேயே வெந்து பிஸ்டன் கீறிவிடும். காற்றுவடியில் தூசி படிந்தால் பொறி வலுவிழக்கும்.

எங்கள் கரையில் இவற்றோடு வேறு பகைகளும் உண்டு. தென்னந்தோட்டம் மணற்பூமி. வீழ்ந்த மரத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தாமல் அரிந்தால், வாள் மறுபுறம் வெளிவரும் கணத்திலேயே மணலைத் தொடும். நொடிக்கு இருபது மீற்றர் வேகத்தில் ஓடும் சங்கிலி, மணலைத் தொட்ட மாத்திரத்தில் கூர் இழக்கும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அரிப்பவர் பொறியைக் கொல்கிறார். தென்னையின் புறவயிரமும் வாளுக்கு இளகாதது. அதனை அரிப்பவர் அரத்தைக் கையிலிருந்து கீழே வைத்தல் ஆகாது. கடற்காற்றின் உப்போ வாளின் மக்னீசிய உலோக உடலை மெல்லத் தின்னும். மாலையில் துடைத்து உலர்ந்த இடத்தில் வைப்பவரின் வாளுக்கும், தோணி ஓரத்தில் எறிந்துவிட்டுச் செல்பவரின் வாளுக்கும் ஆயுள் எவ்வாறு ஒன்றாகும்?

பற்றின் பொருள்

அவ்வாறாயின், ஒரு பெயர் பொறித்த வாளிடம் தொழிலாளி வைக்கும் பற்றுக்கு அடிப்படை யாது? வாளின் ஆயுளிற் பெரும்பங்கு அவன் கையிலேயே இருக்க, பெயரில் என்ன இருக்கிறது? ஸ்டீல், ஹுஸ்க்வர்ணா என்னும் இரண்டும் தகுதியில் ஒன்றையொன்று வென்றவையல்ல. ஆழ்ந்து நோக்கின் அப்பற்றுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தான் தொழில் பழகிய வாளின் குணம் கைக்குப் படிந்திருத்தல். இரண்டாவது, அதே வகை வாளின் பழைய உறுப்புகள் வீட்டில் இருத்தல்; ஒன்று மாண்டாலும் அதன் உறுப்பு மற்றொன்றை வாழவைக்கும். மூன்றாவதும் முதன்மையானதும், உதிரிப்பாகமும் அதனைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் அண்மையில் இருத்தல்.

இம்மூன்றாவது காரணத்தை நன்கு உணர்ந்தமையாலேயே ஸ்டீல் நிறுவனம் தன் வாள்களைப் பழுதுபார்க்கும் வசதியுள்ள விற்பனையாளர் வழியாகவே விற்கும் முறையைக் கைக்கொண்டது. 1960களின் பிற்பகுதியில் வந்த '070' என்னும் பெருவாள் ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களிற் பல பத்தாண்டு நிலைத்தது. புதுமையில் அதனை விஞ்சிய வாள்கள் பல தோன்றின. எனினும் எளிய அமைப்பு உடையது, ஊர் மெக்கானிக் பிரித்துப் பூட்டத்தக்கது என்பதே அதன் நீண்ட வாழ்வின் இரகசியம். அதன் புகழைக் கண்டு, அதே உருவில் மலிவான போலிகளும் சந்தைக்கு வந்தன. உருவம் ஒன்றாயினும், உள்ளிருக்கும் உலோகத்தின் தரம் ஒன்றாவதில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவன் போலியால் ஏமாறுவான். பெயரைப் பெயராக்கிய காரணத்தை அறிந்தவன் ஏமாறான்.

ஆகவே தொழிலாளியின் பற்று குருட்டுப் பற்றன்று. காலைதோறும் கயிற்றை இழுக்கும்போது அவன் தன் வாளைச் சோதிக்கிறான். ஒலி மாறினால் அறிகிறான். புகை மிகுந்தால் அறிகிறான். வாள் தன்னைக் கைவிடுமாயின் அவனும் அதனைக் கைவிட ஆயத்தமாக இருக்கிறான். ஆராய்ந்து வைத்த பற்று, ஆராய்ச்சியை நிறுத்தாத பற்று, அது. இந்தப் பற்றைத் தம் வாளுக்கு ஈட்டித்தந்த மனிதரோ, தம் வாழ்வின் நடுப்பகுதியில் ஆராயாத ஒரு பற்றைக் கொண்டு ஒரு கொடுங்கூட்டத்தின் பின் சென்றார். கூட்டத்தின் பெயரும் கொடியும் அவருக்குப் போதுமாயிருந்தன. தம் வாளை வாங்குபவர் அவ்வளவு எளிதில் நம்பியிருந்தால், அவ்வாள் இத்தனை சிறந்திருக்கவே மாட்டாது.

ஸ்டீலின் சரிதத்தில் மாணாக்கர் கற்கத்தக்க பாடங்கள் இரண்டு உள. முப்பது ஆண்டு ஒரே குறையை விடாது நோக்கி நின்றால், இருவர் பாரத்தை ஒருவர் கைக்கு அடக்கலாம் என்பது ஒன்று. அதனை அவர் செய்கையாற் கற்பித்தார். எதனிடம் பற்று வைப்பினும் அதனை நாள்தோறும் சோதிக்கும் உரிமையை விட்டுக் கொடுத்தலாகாது என்பது மற்றொன்று. அதனை அவர் தம் தவறாற் கற்பித்தார். பின்னதைக் கற்க நாம் ஜேர்மனிக்குச் செல்ல வேண்டியதில்லை. மாதம்பைத் தென்னந்தோட்டத்தில், அரத்தைக் கையிலேந்தி, ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்துச் சங்கிலியைத் தீட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளியிடமே அதனைக் கற்கலாம்.